உலர் ஆடையும் உயிரிரக்கமும்

உலகியலில் பெரிய செயல் என்றும் சிறிய செயல் என்றும் ஒரு பாகுபாடு உண்டு. ஆலயம் எழுப்புதல் பெரிது. கொடியில் துணி உலர்த்துதல் சிறிது. நம் அறநூலார் இப்பாகுபாட்டை அப்படியே ஏற்றுக்கொண்டவர் அல்லர். துறவியர்க்கு அவர்கள் வகுத்த ஐந்து சமிதிகளை நோக்குக. நடத்தல், பேசுதல், உணவு ஏற்றல், ஒரு பொருளை எடுத்தலும் வைத்தலும், கழிவை அகற்றல் என்னும் அன்றாடச் செயல்களே அங்கு அறத்தின் களமாகக் கொள்ளப்பட்டுள்ளன. செயலின் அளவை அவர்கள் நோக்கவில்லை. செய்வோனின் விழிப்பையே நோக்கினர். அவ்வாறாயின், ஈரத்துணியைக் கையில் ஏந்தி நிற்கும் இல்லறத்தாரும் அறத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கின்றனர் என்பதில் ஐயமில்லை.

இதனை இங்கு எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு கடிதம். தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையில் கணவரின் பணி நிமித்தம் குடியிருக்கும் நம் சமூகத்துப் பெண்மணி ஒருவர் அதனை எழுதியிருந்தார். வந்தவாசிப் பக்கத்திலிருந்து அவருடைய மாமியார் கார்த்திகையில் வந்து தங்கியிருக்கிறார். "பனியிலும் ஈரக்காற்றிலும் துணியை வெளியே போட்டால் பூச்சிகள் வந்து ஒண்டும், பனித்துளியும் உயிர்தானே? வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்து என்று அத்தை சொல்கிறார்கள். உள்ளே உலர்த்தினால் இரண்டு நாளானாலும் ஈரம் போகவில்லை, வாடை அடிக்கிறது. மாடியில்தான் போட வேண்டும் என்பது என் எண்ணம். மின்சாரத்தால் துணி உலர்த்தும் இயந்திரம் ஒன்று வாங்கிவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார் இவர். எங்கள் மூவரில் யார் சொல்வது அறத்துக்கு ஒத்தது?" என்பது அவர் வினா.

வினா எளிதாகத் தோன்றினும் விடை எளிதன்று. மூவரும் உயிர்களுக்குத் தீங்கு நேரக்கூடாது என்பதில் ஒன்றுபட்டவர்களே. எது குறைந்த தீங்கு என்பதில்தான் வேறுபடுகின்றனர். ஆகவே முதலில் இடத்தையும் காலத்தையும் சற்று ஆராய்வோம்.

காலமும் இடமும்

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. வடநாட்டின் கடுங்குளிர் இங்கு இல்லை எனினும், துணி உலர்வதற்கு இந்நான்கு மாதங்களே இடையூறானவை. தென்காசி வட்டாரத்திற்கு இது மிகவும் பொருந்தும். ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வீசும். குற்றாலத்தில் சாரல் பொழியும். அக்காலத்தில் சாரல் எட்டாத இடங்களில் காற்றின் வேகத்தாலேயே துணி விரைவில் உலர்ந்துவிடும். சுரண்டை, ஊத்துமலைப் பகுதிகளில் காற்றாலைகள் நிற்பதே அக்காற்றின் வலிமைக்குச் சான்று. ஐப்பசியில் நிலைமை மாறுகிறது. கீழ்த்திசையிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழை மேற்குமலைத் தொடரில் முட்டி நிற்கிறது. மழை விட்ட நாளிலும் காற்றில் ஈரம் மிகுதி. மார்கழியில் வானம் தெளியும்போது பனி இறங்கத் தொடங்குகிறது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பதிவாயிற்று. மார்கழியும் மழைமாதமாகக்கூடும் என்பதை அது காட்டியது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். நம் துறவியர் ஓரிடத்தில் தங்கும் மழைக்கால நோன்பு ஐப்பசி, கார்த்திகை அளவில் நிறைவு பெறுகிறது. வடநாட்டில் மழை ஓய்ந்து நிலம் உலரும் காலம் அது. தமிழ்நாட்டிலோ, குறிப்பாகத் தென்கோடியில், மழை அப்பொழுதுதான் உச்சத்தை அடைகிறது. நோன்பின் காலவரை முடிந்துவிடினும் அந்நோன்பின் காரணம் முடிந்துவிடவில்லை. ஈரத்தில் சிற்றுயிர்கள் பெருகுகின்றன, ஆதலால் கூடுதல் விழிப்பு வேண்டும் என்பதே அக்காரணம். எனவே தமிழ்நாட்டு இல்லறத்தார் அவ்விழிப்பைத் தை மாதம் வரை நீட்டித்துக்கொள்வது நோன்பின் கருத்துக்கு ஒத்ததேயாகும். இவ்வகையில் அந்த மாமியாரின் கவலை வெறும் பழமைப் பிடிப்பு அன்று. அது நூல்நெறியில் வேரூன்றியதே.

மூவர் கருத்தும் ஆராயப்படுதல்

பனியை நீருடல் உயிர்களுள் ஒன்றாக நம் நூல்கள் எண்ணுகின்றன. அது உண்மையே. ஆயினும் வீட்டுக்குள் உலர்த்துவதால் உயிர்த்தீங்கு நீங்கிவிடுமா என்று பார்க்க வேண்டும். நெடுநேரம் ஈரமாக இருக்கும் பொருளில் பூஞ்சணம் படர்கிறது. ஓர் உடலில் எண்ணற்ற உயிர்கள் வாழும் சாதாரண வனஸ்பதி வகையில் இதனை நம் முன்னோர் அடக்கினர். காற்றில் எங்கும் மிதக்கும் நுண்வித்துகள் ஈரம் கண்ட இடத்தில் முளைப்பதாக இன்றைய அறிவியல் கூறுகிறது. விளக்கம் வேறாயினும் நடைமுறை ஒன்றே: ஈரத்தை நீள விடாதே. மூடிய அறையில் இரண்டு நாள் தொங்கும் துணி உயிர்கள் தோன்றுவதற்கு இடம் கொடுக்கிறது. பின்னர் அடுத்த வெளுப்பில் அவையனைத்தும் அழிகின்றன. அறைச்சுவரிலும் ஈரம் ஏறுகிறது. ஆஸ்துமா உடையோர் அவ்வீட்டில் இருப்பின் மனிதருக்கும் துன்பமாகிறது. ஆகவே உள்ளே உலர்த்துதல் தீங்கைத் தவிர்ப்பதன்று. கண்ணுக்குத் தெரியாத இடத்திற்கு அதனை மாற்றுவதேயாகும்.

இனி இயந்திரம். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்திற்கு ஈடான வெப்பம் வேண்டும். இது இயற்கையின் கணக்கு. இதில் சலுகை இல்லை. பிழிந்த பின்னும் ஒரு வாளித் துணியில் மூன்று லிட்டர் நீர் தங்கியிருப்பின், அதனை நீக்க இரண்டு யூனிட் அளவு ஆற்றல் செலவாகும். அவ்வெப்பத்தைக் கதிரவன் விலையின்றித் தருகிறான். இயந்திரத்திற்கு அது எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி காற்றாலையிலிருந்து வரலாம். ஒரு பகுதி தூத்துக்குடி போன்ற அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து வருகிறது. நிலத்தை அகழ்தல், தீ மூட்டல், நீரைக் கொதிக்க வைத்தல் என்று ஓரறிவுயிர்களுக்கு நேரும் தீங்குகள் அத்தனையும் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் மறைந்து நிற்கின்றன. நம் வீட்டில் எறும்பு ஒன்றும் சாகவில்லை என்பதனால் நம் கணக்கில் ஒன்றுமில்லை என்று கருதலாகாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை உண்டு என்பதன்றோ நம் கொள்கை!

அப்படியாயின் இயந்திரமே கூடாதா? அவ்வாறும் கூறுவதற்கில்லை. பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குதல் இல்லறத்தாரின் குணவிரதங்களுள் ஒன்று. அதற்கு அனர்த்ததண்ட விரதம் என்று பெயர். தேவையின்றி மண்ணைத் தோண்டல், நீரை இறைத்தல், தீ மூட்டல், செடியைச் சிதைத்தல் ஆகியவற்றைச் சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்தின்கீழ் வைத்துப் பேசுகிறார். 'தேவையின்றி' என்னும் சொல்லே இங்குக் கருதத்தக்கது. தொடர்ந்து நான்கு நாள் அடைமழை, வீட்டில் கைக்குழந்தை அல்லது படுத்த படுக்கையாய் ஒரு முதியவர், மாற்றுத்துணி இல்லை. அந்நிலையில் மின்விசிறியையோ இயந்திரத்தையோ நாடுவது பயனின்றிச் செய்த தீங்காகாது. வெயில் காய்ந்துகொண்டிருக்க, மாடிப்படி ஏறச் சோம்பி இயந்திரத்தைச் சுழற்றுவது அவ்விரதத்திற்கு முரணானது. பொருள் ஒன்றே; செய்வோன் நிலையால் அறம் வேறுபடுகிறது.

எஞ்சுவது மருமகளின் கருத்து. வெளியே உலர்த்துவதே தக்கது என்பது என் துணிபு. ஆனால் 'வெளியே போடுதல்' என்பதனோடு அறம் முடிந்துவிடுவதில்லை, அங்குதான் தொடங்குகிறது.

விழிப்பின் வழிகள்

தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர்நீக்கத்தை மட்டும் கூறாமல் அதற்குமுன் கவனமின்மையை வைத்தார். கவனமின்மையே வேர், உயிர்க்கேடு அதன் விளைவு. துணி உலர்த்தும் ஒருவர் கவனத்துடன் செய்யக்கூடியவை யாவை?

முதலாவது, கொடி கட்டும் இடம். மாமரத்திலோ முருங்கையிலோ கயிற்றைக் கட்டினால் அக்கயிறே எறும்புகளுக்குப் பாதையாகிவிடும். குறிப்பாக மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் செவ்வெறும்புகள் கயிற்றின்மேல் சாரிசாரியாகச் செல்லும். பின்னர்த் துணியை உதறும்போது அவை மடியும். கடித்தால் நாமே நசுக்கிவிடுவோம். சுவரிலோ கம்பத்திலோ கட்டிய கொடி இத்தீங்கைத் தொடக்கத்திலேயே தவிர்க்கிறது. புல்தரையிலும் வேலிச்செடியின் மேலும் துணி விரிப்பது பசுமை உயிர்களுக்கும் அவற்றில் தங்கும் சிற்றுயிர்களுக்கும் ஊறு செய்வதாகும். கொடி இருக்க அது வேண்டுவதில்லை.

இரண்டாவது, நேரம். பகலில் காற்றின் ஈரப்பதம் உச்சிவேளைக்குப் பின்னர்தான் மிகக் குறைகிறது. ஆதலின் பனி ஆவியான பிறகு, காலை ஒன்பது, பத்து மணியளவில் துணியை விரித்துக் கதிரவன் மறையுமுன் எடுத்துவிட வேண்டும். தெளிந்த வானத்தின் கீழ் இரவில் கிடக்கும் துணி தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது; காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனியாகப் படிகிறது. பகலெல்லாம் உலர்ந்தது இரவில் மீண்டும் நனைகிறது. விளக்கொளிக்கு வரும் விட்டில்களும் அதில் தங்குகின்றன. இரவுணவை விலக்கிய நம் மரபினர்க்கு, கதிரவன் மறையுமுன் ஒரு செயலை முடிப்பது புதிதன்று. மாமியார் அஞ்சிய பனிக்கும் பூச்சிக்கும் விடை, உள்ளே உலர்த்துவதன்று. உரிய நேரத்தில் எடுப்பதே.

மூன்றாவது, விரிக்கும் முறை. மடிப்பில்லாமல் விரித்த துணி விரைவில் உலரும். மடிப்புக்குள் சிலந்தியும் குளவியும் ஒதுங்க இடமிராது. எடுக்கும்போது படாரென்று உதறாமல், இருபுறமும் நோக்கி மென்மையாகத் தட்டி எடுக்க வேண்டும். நம் முனிவர்கள் அமருமுன் மயிற்பீலியால் இடத்தை மெல்ல நீவுவதைக் கண்டிருக்கிறோம். இல்லறத்தார் கையில் பீலி இல்லை. பார்வையும் விரல்களும் அப்பணியைச் செய்யலாம். துணியிலிருந்து சொட்டும் நீர் எறும்புப் புற்றின் மேலும், கீழ்த்தளத்தில் இருப்பவர் உலர்த்திய துணியின் மேலும் விழாதவாறு பார்த்துக்கொள்வதும் இதில் அடங்கும். அயலாரும் உயிர்களே, அதனை மறந்துவிட்டு எறும்புக்கு இரங்குவது குறையுடைய அறம்.

இத்தனை செய்தும் ஏதோ ஓர் உயிர் மடியலாம். அதற்காகக் கலங்கிச் செயலையே கைவிட வேண்டுவதில்லை. இல்லறத்தாரின் நோன்பு அணுவிரதம், மகாவிரதமன்று. கவனத்தோடு செய்தவனுக்கும் கவனமின்றிச் செய்தவனுக்கும் வினைப்பயன் ஒன்றாகாது.

ஆடையின் அளவு

இவ்விடத்தில் வினாவையே சற்று முன்னுக்குத் தள்ளிப் பார்க்கலாம். துணியை எங்கே உலர்த்துவது என்று கேட்கிறோம். இத்தனை துணி எதற்கு என்று கேட்பதில்லை. திகம்பர முனிவர்கள் ஆடையைத் துறப்பதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று, ஆடை இருப்பின் அதனைத் துவைக்கவும் உலர்த்தவும் காக்கவும் வேண்டும், அவற்றால் உயிர்களுக்குத் துன்பமும் உள்ளத்திற்குக் கவலையும் உண்டாகும் என்பதாகும். சுல்லகர்க்குக் கோவணமும் ஒரு சிறு மேலாடையும். ஐலகர்க்குக் கோவணம் மட்டும். படிகள் ஏறஏற ஆடை குறைகிறது.

இல்லறத்தாருக்கு அந்நிலை இல்லை. அவர்களுக்கு உரியது போகோபபோக பரிமாணம் என்னும் அளவு செய்துகொள்ளும் நோன்பு. உணவு ஒருமுறை நுகர்ந்து கழிவது. ஆடை மீண்டும்மீண்டும் நுகரப்படுவது. இவ்விருவகைப் பொருள்களிலும் 'இன்றைக்கு இவ்வளவு, இம்மாதத்திற்கு இவ்வளவு' என்று வரையறுத்துக்கொள்ளுமாறு நூல்கள் கூறுகின்றன. அப்பொருள்களின் வரிசையில் ஆடையும் வெளிப்படையாக எண்ணப்பட்டுள்ளது. கூதிர்க்காலம் முழுமைக்கும் இந்நோன்பை ஏற்பது எளிது. ஒருமணி நேரம் உடுத்திய மேலாடையை அழுக்கின்றியே துவைக்கப் போடாதிருத்தல், கனத்த விரிப்புகளை வெயில் நாளுக்கு ஒதுக்கி வைத்தல், ஒரு நாளில் உலரக்கூடிய அளவே நனைத்தல் ஆகியன போதும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் அன்பர்கள் செங்கோட்டை வழியே போகையில் குற்றாலத்தில் நீராடுவதைக் காணலாம். நனைந்த வேட்டியைத் தலைக்கொருவராகப் பிடித்துக் காற்றில் விரித்தே உலர்த்தி, மீண்டும் உடுத்திக்கொண்டு புறப்படுகின்றனர். விரதகாலத்தில் ஓரிரு உடையால் வாழ முடிகிறது. சமயம் வேறாயினும் அவர்களிடம் கற்கத்தக்கது இது.

மறைத்து உலர்த்தப்படுவன

இனிக் கூற வருவது நம் இல்லங்களில் வாய்விட்டுப் பேசப்படுவதில்லை. மாதவிலக்கு நாட்களில் பயன்படுத்தும் துணிகளைப் பெண்கள் எங்கே உலர்த்துகின்றனர்? கொடியில் மற்றொரு சேலைக்கு அடியிலும், குளியலறை மூலையிலும், விறகறையின் இருட்டிலும் அல்லவா? வெயில் குன்றிய மாதங்களில் அவை முழுதும் உலராமலேயே மீண்டும் பயன்படுகின்றன. அதனால் தொற்றுநோய்கள் வரக்கூடும் என்றும், நன்கு துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும் என்றும் மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். ஆயினும் நாணம் வெயிலுக்குத் தடையாகிறது.

எறும்பு ஊறும் கயிற்றைக் குறித்து இத்தனை ஆராயும் நாம், நம் மகளின் உடல்நலத்தைக் குறித்து ஆராயாமலிருப்பது தகுமா? உடலின் இயல்பான நிகழ்வு குற்றமன்று. அதனை மறைக்கச் செய்து நோய்க்கு ஆளாக்குவதே குற்றம். தென்காசிக்குக் கிழக்கே உள்ள கழுகுமலையின் கல்வெட்டுகள் குரத்தியர் எனப்படும் பெண் ஆசிரியர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. பெண்ணைக் குருவாக ஏற்ற மரபு, அவள் துணிக்கு ஒரு முழ வெயிலை மறுக்கலாகாது. மாடியில் ஒரு கொடியை அதற்கென ஒதுக்குவதும், அதனைப் பற்றி வீட்டு ஆடவர் ஒரு சொல்லும் சொல்லாதிருப்பதும் அறமே. வேறு வசதி உள்ளோர் அதனைப் பயன்படுத்தலாம். கருத்து யாதெனில், நாணத்தின் பெயரால் ஓர் உயிர் துன்புறலாகாது.

வெயில் மறுக்கப்பட்டவர்

தென்காசி 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் அது திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதி. அந்தத் திருநெல்வேலி மாவட்டத்தைப் பற்றி 1932ஆம் ஆண்டு டிசம்பரில் 'ஹிந்து' நாளிதழ் வெளியிட்ட செய்தி ஒன்றை ஜே. எச். ஹட்டன் இந்தியச் சாதிகளைப் பற்றிய தம் நூலில் எடுத்தாண்டுள்ளார். புதிரை வண்ணார் என்னும் வகுப்பார் பகற்பொழுதில் வெளியே வரக்கூடாது. அவர்களைக் கண்ணால் காண்பதே தீட்டு எனக் கருதப்பட்டது. ஒடுக்கப்பட்ட பிற சாதியாரின் துணிகளை அவர்கள் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட பொழுதில் வெளுத்தனர் என்பது அச்செய்தி. இம்மக்களின் வாழ்க்கையை இமையம் 1994இல் வெளிவந்த 'கோவேறு கழுதைகள்' என்னும் புதினத்தில் எழுதியுள்ளார். அவர்களுக்கென நலவாரியம் தமிழ்நாட்டில் அமைந்தது 2009ஆம் ஆண்டில்தான்.

மார்கழிப் பனியில் நள்ளிரவில் நீரில் நின்று துவைத்த அக்கைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். துணிக்குப் பகலின் வெயில் உரியது. அதனைத் துவைத்த மனிதருக்கு அவ்வெயில் உரியதன்று! தூய்மை என்பதன் பெயரால் நடந்த கொடுமைகளுள் இதனினும் பெரியது அரிது. துணி தூயதாயிற்று, அதனைத் தூய்மை செய்வித்த உள்ளங்கள் தூயனவாகவில்லை.

இது பிறர் செய்தது என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. பூசைக்கும் முனிவர்க்கு ஆகாரம் அளிப்பதற்கும் உடுத்தும் ஆடையை நாம் தனியே துவைத்துத் தனியே உலர்த்துகிறோம். தூசியும் சிற்றுயிரும் படாதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்நோக்கம் மறைந்து, வீட்டுப்பணி செய்யும் பெண்ணின் கைபட்டால் துணி கெட்டுவிடும் என்னும் எண்ணம் எங்கேனும் புகுந்திருப்பின், அது நற்காட்சிக்கு மாசு. குலச்செருக்கும் பிறப்புச்செருக்கும் நற்காட்சியைக் கெடுக்கும் எண்வகைச் செருக்குகளுள் அடங்கியவை. தாழ்ந்த குலத்தில் பிறந்தவராகக் கருதப்படுவோரும் நற்காட்சி உடையராயின் சாம்பல் மூடிய கங்கு போல்வர் என்ற கருத்தைச் சமந்தபத்திரர் அதே சிராவகாசாரத்தில் வைத்துள்ளார். உடுக்கும் ஆடையின் தூய்மையை அந்நூலிலிருந்து கற்ற நாம், இதனையும் அந்நூலிலிருந்தே கற்க வேண்டும்.

முடிவுரை

கடிதம் எழுதிய அம்மையாருக்கு என் விடை இதுவே. மாமியார் கூறும் அச்சம் மெய். மருமகள் கூறும் வழி தக்கது. கணவர் கூறும் இயந்திரம் இடர்க்காலத்திற்கு மட்டும் உரியது. பனி நீங்கியபின் மாடியில் கம்பத்துக் கொடியில் விரித்து, பொழுது சாயுமுன் பார்த்து எடுத்துவிடுக. அடைமழை நாளில் நனைக்கும் துணியைக் குறைத்துக்கொள்க. அத்தையையும் உடன் அழைத்துச் சென்று, எறும்பு வராத இடம் எது என்று அவரிடமே கேட்டுக் கொடி கட்டுக. அவருடைய உயிரிரக்கம் வீட்டுக்குள் முடங்காமல் வெளியிலும் பயன்படட்டும்.

நம் உரையாசிரியர்கள் வினைக்கட்டை விளக்க ஓர் உவமை கூறுவர். காற்றில் வரும் தூசி ஈரத்துணியில் எல்லாப் புறமும் ஒட்டிக்கொள்கிறது. உலர்ந்த பொருளில் பட்டு உதிர்ந்துவிடுகிறது. வெகுளி, செருக்கு, மாயம், ஆசை என்னும் கஷாயங்களே உயிரின் ஈரம். அவ்வீரம் இருக்கும்வரை வினைத்துகள் வந்து ஒட்டிக்கொண்டேயிருக்கும். பிறப்பைக் காட்டி ஒருவரை இழிவாக நினைக்கும் செருக்கும், வேண்டியதற்குமேல் குவிக்கும் ஆசையும் நம்மிடம் உலராதிருக்கையில், வெயிலில் காய்ந்த வெள்ளாடையை உடுத்துவதனால் மட்டும் நாம் தூயவராகிவிட முடியாது. கொடியில் துணியை விரிக்கும் ஒவ்வொரு நாளும் இந்த உவமையை ஒருமுறை எண்ணிக்கொள்ளலாம்.

ஜினதருமம் ஓங்குக.